கொம்பிலே தடுக்கிய பிள்ளை

சென்ற தவணை விடுமுறையின் முதல் நாட் காலையில், அயல் வீட்டுத் தாயார் தம் மகனையும் அவனுடைய தேர்ச்சி அறிக்கையையும் கொண்டு என் விறாந்தைக்கு வந்தார். பையன் நாலாந் தரம், வயது 9. தமிழ்ப் பாடத்துக்கு நேரே "கவனம் போதாது" என எழுதப்பட்டிருந்தது.

"வாயாலை சொன்னால் எல்லாம் விளங்குது, மாஸ்ரர். புத்தகத்தைத் திறந்தால்தான் பேச்சு மூச்சில்லை. அடிச்சும் பாத்திட்டம். வாற வருஷம் புலமைப்பரிசில் சோதினை" என்றார்.

"கவனம் போதாது" என்ற அவ்விரு சொற்களை நானே எத்தனை அறிக்கைகளில் எழுதியிருப்பேன்!

பையனுக்கு ஒரு நரிக் கதை சொன்னேன். மறுநாள் ஒன்றும் விடாது, நான் சொல்லாத இரண்டு பொய்களையும் சேர்த்துத் திருப்பிச் சொன்னான். இவனா மந்தன்? பின்னர் வாசிக்கவிட்டு, அவன் தடுக்கிய சொற்களை மாத்திரம் ஒரு தாளிற் குறித்தேன். பாடம், மாடு, கிளி என்பன இடரின்றி வந்தன. "தேன்" என்னுமிடத்தில் நின்றான், "கொடி"யில் நின்றான், "பை"யிலும் நின்றான்.

எ, ஏ, ஐ என்னும் உயிர்களின் குறிகள் நம் எழுத்திலே மெய்க்கு முன்னே நிற்கின்றன. ஒலியோ பின்னே பிறக்கின்றது. ஒகர ஓகாரங்கள் இருபுறமும் அணைத்து நிற்கின்றன. இடமிருந்து வலமாகச் செல்லும் பிள்ளையின் கண் முதலிற் சந்திப்பது, தனக்கென ஒலியில்லாத ஒரு கொம்பை. 247 எழுத்துக்களையும் ஒரே மூச்சில் ஒப்புவிக்கச் செய்த நான், இவ்விடத்தில் ஒரு பிள்ளை தடுக்கக்கூடும் என்று ஒருநாளும் எண்ணியதில்லை.

1896ஆம் ஆண்டில் பிறிங்கிள் மோர்கன் என்னும் ஆங்கில மருத்துவர், 14 வயதுச் சிறுவன் ஒருவனைப் பற்றி எழுதினார். அறிவிற் குறையில்லாதவன், கணக்கிலும் வல்லவன், எனினும் தன் பெயரையே பிழையாக எழுதினான். பாடமெல்லாம் வாய்மொழியாக நடந்தால் பள்ளியில் அவனே கெட்டிக்காரன் என அவனுடைய ஆசிரியர் கருதினாராம். அயல் வீட்டுப் பையனுக்கும் அதே குறைதான் என்று கூற நான் மருத்துவனல்லன். தடுக்கும் இடத்தை அறிந்தேன், அவ்வளவே.

முற்றத்திற் குருமணலைப் பரப்பி, ஏடு தொடக்கும் குழந்தையைப்போல அவன் விரலைப் பிடித்தேன். "தே" எழுதுமுன் தகரத்தை எழுதி ஒலிக்கச் செய்தேன்; அதன் பின்னரே கொம்பை முன்னால் இடச் சொன்னேன். நாளொன்றுக்கு நான்கு எழுத்துக்கள், அரை மணித்தியாலம். பிரம்பு இல்லை, தமக்கையோடு ஒப்பிடுதலும் இல்லை. இந்த இரண்டாவது நிபந்தனைக்குத் தாயாரை இணக்குவதுதான் பெரும்பாடாயிற்று.

முன்னொரு காலத்தில் நான் வாங்கின்மேல் ஏற்றி நிறுத்திய மாணவன் ஒருவன் நினைவுக்கு வந்தான். ஏழாந் தரத்தோடு பள்ளியை விட்டு மீன்வாடிக்குப் போய்விட்டான். அவனுடைய கொப்பிகள் இன்று கிடைத்தால், பிழைகள் எங்கே விழுந்தன என்று பார்ப்பேன். கிடைக்கப் போவதில்லை.

விடுமுறை முடியுந் தறுவாயில் வகுப்பாசிரியைக்கு ஒரு கடிதம் எழுதினேன்: தடுக்கும் எழுத்துக்கள் இவை, சில காலம் இவனைத் திடீரென எழுப்பி உரக்க வாசிக்கச் சொல்ல வேண்டாம், விடைகளை வாயாலும் கேளுங்கள். பையன் இன்னும் மெதுவாகவே வாசிக்கிறான். புலமைப்பரிசிலில் வெட்டுப்புள்ளியை எட்டுவான் என நான் வாக்களிக்கவில்லை.

நேற்று மாலை அவர்கள் வீட்டு அடுப்படியில் ஒரு சாக்கு இருந்தது. அதன் எழுத்துக்களின்மேல் விரலை வைத்து, "கோ... து... மை... மா" என்றான். தாயார் அகப்பையைக் கீழே வைத்துவிட்டு, "திருப்பி வாசி, ராசா" என்றார்.