எழுத்து உடையாமல் கோப்பைப் படிக்க

நம் சங்கக் குடும்பங்கள் பலவற்றில் பிள்ளைகள் கணிப்பொறித் துறையில் இருக்கிறார்கள். அவர்கள் எழுதும் புரோகிராம்கள் எழுத்துக் கோப்புகளைத் திறந்து வரிவரியாகப் படிக்கின்றன. சாதாரணமாகத் தோன்றும் இந்த வேலைக்குள் இருக்கும் யோசனையை, ரயில்பாதைப் பராமரிப்பிலேயே காலம் கழித்த நான், எனக்குப் பழக்கமான பாஷையில் சொல்கிறேன்.

பாதை வேலைக்கு ஸ்லீப்பர் கட்டைகள் வேண்டும். டிப்போவில் ஒரு கட்டை கேட்டாலும் இண்டென்ட், கையெழுத்து, கேட் பாஸ் எல்லாம் உண்டு. ஒரு வேகன் நிறையக் கேட்டாலும் அதே சடங்குதான். ஆகவே வேகன் கணக்கில் வரவழைத்துப் பாதையோரம் அடுக்கி, வேண்டியபோது ஒவ்வொன்றாக எடுப்போம்.

கணிப்பொறியிலும் இதே கதைதான். டிஸ்கில் உள்ளதைப் பெற, புரோகிராம் ஆப்பரேட்டிங் சிஸ்டத்திடம் மனுப் போட வேண்டும். ஒரு மெகாபைட் கோப்பில் 10,48,576 பைட்டுகள். பைட்டுக்கு ஒரு மனு என்றால் பத்து லட்சத்துக்கு மேல் மனுக்கள்! தவணைக்கு 8192 பைட்டாகக் கேட்டால் 128 மனுக்களில் வேலை முடியும். வந்ததை அடுக்கி வைக்கும் இடத்துக்கு 'பஃபர்' என்று பெயர். ஜாவா மொழியின் லைப்ரரியில் 1997-இல் சேர்ந்த 'பஃபர்டுரீடர்' இந்தத் தத்துவத்தில்தான் இயங்குகிறது.

முழுக் கோப்பையும் ஒரே தடவையில் கொண்டுவந்தால் என்ன? சிறிய கோப்புக்குச் சரி. பெரிய கோப்பு என்றால் நினைவகம் நிரம்பிவிடும்.

இனிதான் நமக்கு முக்கியமான விஷயம். கென் தாம்ப்சனும் ராப் பைக்கும் 1992-இல் வகுத்த யூடிஎஃப்-8 முறையில் ஆங்கில எழுத்துக்கு ஒரு பைட் போதும். தமிழில் ஒவ்வொரு குறிக்கும் மூன்று பைட். இந்திக்கும் மராத்திக்கும் அப்படியே. புள்ளியும் கொம்பும் தனிக் குறிகள் என்பதால், 'தமிழ்' என்ற சொல் ஐந்து குறிகள், 15 பைட்டுகள்.

8192-ஐ மூன்றால் வகுத்தால் மீதி 2. ஆக, இடைவெளியின்றித் தமிழே நிறைந்த கோப்பில், முதல் தவணையின் கடைசிக் குறிக்கு இரண்டு பைட்டுகள்தான் வந்திருக்கும். மூன்றாவது அடுத்த தவணையில் வரும். கவனமில்லாத புரோகிராம் அந்தத் துண்டை முழு எழுத்தாக எண்ணிப் படிக்கப் பார்த்து, கேள்விக்குறியைப் போட்டுவிடும். சங்க உறுப்பினர் பட்டியல் என்றால், யாரோ ஒருவரின் பெயர் நடுவே சிதையும்.

பரிகாரம் எளிது. தமிழ் எழுத்துக் குறியின் முதல் பைட் 224. அதைக் கண்டால் இன்னும் இரண்டு வரவேண்டும் என்று பொருள். வரவில்லையா? கையிலிருக்கும் துண்டைப் பத்திரப்படுத்தி, அடுத்த தவணையின் தலையில் சேர்க்க வேண்டும்.

வரிமுடிவிலும் இதே எச்சரிக்கை தேவை. விண்டோஸ் கோப்புகளில் வரியை முடிப்பவை 13, 10 என்ற இரண்டு பைட்டுகள். 13 ஒரு தவணையின் கடைசியிலும் 10 அடுத்ததன் முதலிலும் விழுந்தால், அவசரக்காரப் புரோகிராம் இரண்டு வரிமுடிவு என எண்ணி, இல்லாத வெற்று வரியை நுழைத்துவிடும்.

ஆங்கிலத்தை மட்டும் வைத்துச் சோதித்தால் எழுத்து உடைவது கண்ணில் படாது. அங்கே உடைய எதுவும் இல்லையே! ஆகவே இத்துறையில் உள்ள நம் பிள்ளைகளுக்கு ஒரு வேண்டுகோள்: சோதனைக் கோப்பில் தமிழும் இருக்கட்டும். பஃபரை 1, 2, 3, 4 பைட் என்று சிறிதாக வைத்தும் ஓட்டிப் பாருங்கள். வெட்டு எல்லா இடத்திலும் விழும், குறை இருந்தால் அன்றே தெரியும். காலி வண்டியை ஓட்டிப் பார்த்துவிட்டுப் பாலம் தாங்கும் என்று நாங்கள் கையெழுத்துப் போடுவதில்லை.