மாடு சினையா இல்லையா? எப்படி உறுதி செய்வது? எந்த நாளில் என்ன பார்க்கணும்?

"ஊசி போட்டு மூணு மாசம் ஆச்சு, அப்புறம் மாடு கத்தவே இல்ல. அப்போ சினைதானே?" மாடு வளர்ப்பவர்கள் பலர் இப்படித்தான் கணக்கு போடுகிறார்கள். இந்தக் கணக்கு தப்பினால் கன்றும் இல்லை, பாலும் இல்லை. மாதக்கணக்கில் தீவனச் செலவு மட்டும்தான் மிச்சம்.

21-வது நாள் ஏன் முக்கியம்?

சினை பிடிக்காத பசு சுமார் 21 நாட்களுக்கு ஒருமுறை பருவத்துக்கு வரும். அதனால் சினை ஊசி போட்ட 18-வது நாள் முதல் 24-வது நாள் வரை காலை, மாலை கவனிக்க வேண்டும். கத்துவது, மற்ற மாடுகள் மேல் தாவுவது, கண்ணாடி போன்ற வழுவழுப்பான திரவம் ஒழுகுவது ஆகியவை தெரிந்தால், சினை பிடிக்கவில்லை என்று சந்தேகிக்கலாம்.

கத்தலைன்னா சினைதானா?

அப்படிச் சொல்லிவிட முடியாது. சில மாடுகள் சத்தமே இல்லாமல் பருவத்துக்கு வந்து போகும். இதை ஊமைப் பருவம் என்பார்கள். எருமைகளில், அதுவும் கோடையில், இது அதிகம்.

இதற்கு நேர்மாறாக, சினையாக இருக்கும் மாடும் சில நேரம் பருவ அறிகுறி காட்டும். அதை நம்பி மறுபடி ஊசி போட்டால் கரு கலைய வாய்ப்புண்டு.

உறுதியாகத் தெரிவது எப்போது?

* ஸ்கேன்: சுமார் 30 நாளிலேயே தெரியும். ஆனால் எல்லா ஊரிலும் இந்த வசதி இருக்காது.
* கை விட்டுப் பார்ப்பது: கால்நடை மருத்துவர் கையுறை போட்டு, ஆசனவாய் வழியாக கர்ப்பப்பையைத் தொட்டுப் பார்ப்பார். 60 நாளுக்கு மேல் நன்றாகத் தெரியும். பழகாதவர்கள் செய்தால் கருவுக்கு ஆபத்து.
* வயிற்றைப் பார்ப்பது: 6, 7 மாதத்துக்கு மேல் வலது பக்க அடிவயிற்றில் கன்றின் அசைவு தெரியலாம். இடது பக்கம் இரைப்பை என்பதால் அந்தப் பக்கம் உப்பியிருப்பதை வைத்து முடிவு செய்யக்கூடாது.

கோமியத்தில் கோதுமையைப் போட்டு முளைக்கிறதா என்று பார்க்கும் முறையும் உண்டு. அதை மட்டும் நம்பி முடிவெடுக்க வேண்டாம்.

தேதியை எழுதி வைங்க!

பசுவின் சினைக்காலம் சுமார் 280 நாள். ஜனவரி 1-ம் தேதி ஊசி போட்டால், ஜனவரி 22-ஐ ஒட்டி பருவம் வருதான்னு பாருங்க. மார்ச் முதல் வாரத்தில் மருத்துவரிடம் காட்டுங்க. சினை உறுதியானால் ஆகஸ்ட் 9-ஐ ஒட்டி பால் கறப்பதை நிறுத்தணும். அக்டோபர் 8-ஐ ஒட்டி கன்று வரும். கடைசி 60 நாள் மடிக்கு ஓய்வு கிடைத்தால்தான் அடுத்த ஈத்தில் பால் நன்றாக இருக்கும்.

வருஷத்துக்கு ஒரு கன்று வேண்டுமென்றால், கன்று ஈன்ற சுமார் 85 நாளுக்குள் மறுபடி சினை பிடிக்க வேண்டும். 21 நாளைத் தவறவிடுவது எவ்வளவு பெரிய நஷ்டம் என்பது இப்போது புரியும்.

இதை மறக்காதீங்க

பருவத்துக்கு வர வைக்க ஊசி போடும் முன், மாடு சினை இல்லை என்பதை மருத்துவரிடம் உறுதி செய்துகொள்ளுங்கள். அந்த ஊசிகளில் சில, சினை மாட்டுக்குப் போட்டால் கருவைக் கலைத்துவிடும்.