ஒரே ஒரு எழுத்துதான்... பிடிபட்டால் மரணம்! 'தி மேன் இன் தி ஹை காஸில்' என்ன சொல்கிறது?

இரண்டாம் உலகப் போரில் ஹிட்லர் ஜெயிச்சிருந்தா? இந்தக் கேள்வியை வைத்து பிலிப் கே. டிக் எழுதிய நாவல் இது. 1962-ல் வெளியாகி, 1963-ல் ஹியூகோ விருது வென்றது. 2015-ல் அமேசானில் வெப் சீரிஸாகவும் வந்தது.

கதை என்ன?

அமெரிக்காவின் கிழக்குப் பகுதி ஜெர்மனி பிடியில். மேற்குக் கரை ஜப்பான் பிடியில். சான் பிரான்சிஸ்கோவில் வாழும் ஃபிராங்க் ஃபிரிங்க் ஒரு யூதர். நிஜப் பெயர் ஃபிங்க். உயிர் பிழைக்க ஒரு எழுத்தைச் சேர்த்துக்கொண்டவர். அவர் வேலை பார்த்ததும் போலி பழம்பொருட்கள் தயாரிக்கும் இடத்தில்தான்!

அடக்குமுறை எங்கே?

துப்பாக்கியில் மட்டும் இல்லை. பழம்பொருள் கடைக்காரர் சில்டன், ஜப்பானிய வாடிக்கையாளர்களின் பேச்சையும் பணிவையும் காப்பியடிக்கிறார். சொந்த நாட்டின் வரலாறே அவருக்கு விற்பனைச் சரக்கு. ஆனால் அவரும் அப்பாவி இல்லை. மனசுக்குள் நாஜிகளை மெச்சுபவர்.

திருப்பம் எது?

ஃபிராங்கும் நண்பரும் சொந்தமாக நகை செய்கிறார்கள். அதை மலிவுத் தாயத்தாக மொத்தமாகத் தயாரிக்கலாம் என்கிறார் ஒரு ஜப்பானியர். சில்டன் மறுக்கிறார், மன்னிப்பும் கேட்கச் சொல்கிறார்.

போர் இல்லை, புரட்சி இல்லை. குனிந்தே பழகிய ஒருவர் முதல்முறை 'முடியாது' என்கிறார். இந்த நாவலில் எதிர்ப்பு என்பது அவ்வளவுதான். அதுவே பெரிய விஷயம்.