மகன் மாட்டிய சின்ன ஸ்டியரிங்

சென்ற ஆண்டு தீபாவளிக்குச் சில நாள்கள் இருக்கும்போது, என்னிடம் ஆறாம் ஆண்டு வரை படித்த மாணவன் ஒருவன் பள்ளிக்கூட வாசலில் காரைக் கொண்டுவந்து நிறுத்தினான்.

"சார், பட்டணத்துக்குத்தானே? ஏறுங்க, நான் கொண்டுபோய் விடுறேன்."

பழைய புரோட்டோன் சாகா அது. அவன் தகப்பனார் பல ஆண்டுகள் செம்பனைக் குலை அறுத்துச் சேர்த்த பணத்தில் பழையதாக வாங்கியது. எங்கள் லயத்தில் இரவு நேரத்தில் பிரசவ வலி கண்ட பெண்களை மருத்துவமனைக்கு ஏற்றிச் சென்ற வண்டியும் அதுதான். உள்ளே உட்கார்ந்ததும் ஒரு மாற்றம் கண்ணில் பட்டது. பழைய பெரிய ஸ்டியரிங்கைக் காணோம். அந்த இடத்தில் கறுப்புத் தோல் சுற்றி, சிவப்பு நூலால் தைத்த சிறிய வட்டம் ஒன்று இருந்தது. "பந்தயக் கார் ஸ்டியரிங் சார்" என்றான் பெருமையாக.

தோட்டத்துச் செம்மண் சாலையில் முதல் வளைவைத் தாண்டினோம். பனைமரங்களுக்கிடையே இருந்து குலை ஏற்றிய லாரி ஒன்று பின்பக்கமாகச் சாலைக்கு வந்தது. பையன் ஸ்டியரிங்கின் நடுவிலிருந்த பொத்தானை அழுத்தினான். சத்தமே வரவில்லை. மீண்டும் மீண்டும் அழுத்தினான். கடைசியில் பிரேக்கை மிதித்து ஒடித்ததில் கார் ஓரத்துக் கானுக்குள் இறங்கி நின்றது. எனக்கு முழங்காலில் அடி. அவனுக்குக் காயமில்லை, முகத்தில் மட்டும் இரத்தமில்லை.

"சார், அப்பாகிட்ட சொல்லிடாதீங்க."

வாசகர்களே, உங்கள் வீட்டிலும் கார் ஆசை கொண்ட பிள்ளை இருக்கக்கூடும். அவனைத் திட்டுவதற்கு முன், இந்தச் சின்ன ஸ்டியரிங் என்றால் என்ன என்பதை நாம் தெரிந்துகொள்வது நல்லது.

இந்த மோகத்துக்கு இத்தாலி நாட்டில் ஒரு வேர் உண்டு. ஜான்பியரோ மொரெட்டி என்ற பந்தய வீரர் 1964-இல் தொடங்கிய நிறுவனந்தான் 'மோமோ'. தம் பெயரின் முதல் எழுத்துகளையும் மோன்சா என்ற பந்தயத் திடலின் பெயரையும் சேர்த்து அப்படிப் பெயர் வைத்தார். அதே ஆண்டு ஃபெராரி காரில் உலக வீரர் பட்டம் வென்ற ஜான் சர்டீஸ் அவருடைய ஸ்டியரிங்கைப் பயன்படுத்தினார். அதற்கும் முன்பே 'நார்டி' என்ற பெயரில் மரவளையம் போட்ட ஸ்டியரிங்குகள் புகழ் பெற்றிருந்தன. இன்று கடைகளில் இந்தப் பெயர்களைத் தாங்கிய போலிகளும் உண்டு. விலை மிகவும் குறைவாக இருந்தால் சந்தேகப்படுங்கள்.

பந்தயக்காரர் ஏன் சிறிய வட்டத்தை விரும்புகிறார்? கை சிறிது நகர்ந்தாலே சக்கரம் விரைவாகத் திரும்பும். குறுகிய இருக்கையில் தொடைக்கும் இடம் கிடைக்கும். ஆனால் அவர் தலையில் கவசம் போட்டு, தோள் இரண்டையும் இடுப்பையும் பட்டைகளால் இருக்கையோடு இறுகக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். மோதினாலும் அவர் மார்பு ஸ்டியரிங்கில் போய் இடிக்காதபடி அந்தக் கட்டு பிடித்துக்கொள்ளும். நாமோ ஒற்றைப் பட்டையைப் போட்டுக்கொண்டு மார்க்கெட்டுக்குப் போகிறவர்கள்.

ஆகவேதான் நம் காலத்துக் கார்களின் ஸ்டியரிங் நடுவில் காற்றுப்பை வைக்கிறார்கள். பலமாக மோதினால் கண்ணிமைப்பதற்குள் அது வாயு நிரம்பி விரிந்து தலையையும் மார்பையும் தாங்கிக்கொள்ளும். பந்தய ஸ்டியரிங்கை மாட்டினால் இந்தப் பையைக் கழற்றி எறிய வேண்டியதுதான். டேஷ்போர்டில் எச்சரிக்கை விளக்கு எரியுமே என்றால், சில பட்டறைகளில் ஒரு சிறு மின்தடையைச் செருகி விளக்கை ஏமாற்றிவிடுகிறார்கள். விளக்கு அணைந்திருக்கும், பை இருக்காது. காற்றுப்பை உள்ள காரில் இந்த வேலை வேண்டவே வேண்டாம் என்பதுதான் என் கருத்து. பை வெடிமருந்து போன்ற பொருளால் இயங்குவது. மின்கலத்தைக் கழற்றிச் சில நிமிடம் காத்திருக்காமல் அதில் கை வைத்தால் கழற்றுபவர் முகத்திலேயே விரியக்கூடும்.

பழைய சாகாவில் காற்றுப்பை கிடையாது. அங்கே கேள்வி வேறு: ஒழுங்காக மாட்டினார்களா?

மறு வாரம் பையன் தானாகவே தகப்பனாரிடம் உண்மையைச் சொல்லிவிட்டான். நான் வாய் திறக்கவில்லை. மூவருமாக எனக்குத் தெரிந்த மெக்கானிக்கிடம் போனோம். அவர் நடுமூடியைக் கழற்றிப் பார்த்துவிட்டுத் தலையில் கை வைத்துக்கொண்டார்.

புதிய ஸ்டியரிங்குக்கும் காரின் தண்டுக்கும் இடையே ஓர் இணைப்பு வேண்டும். பட்டறைகளில் அதைப் 'போஸ் கிட்' என்பார்கள். ஒவ்வொரு கார் வகைக்கும் அது வேறு. தண்டின் நுனியில் வரிவரியாகப் பற்கள் இருக்கும். இணைப்பின் உட்பக்கப் பற்கள் அவற்றை முழுதாகக் கவ்வ வேண்டும். பையன் மலிவாக வாங்கியது வேறொரு காருக்கு உரியது, பற்கள் பாதிதான் கவ்வியிருந்தன. நட்டைக் கையால் திருகியது போல விட்டிருந்தார்கள். ஹார்ன் கம்பியை டேப் சுற்றி ஓரத்தில் ஒதுக்கியிருந்தார்கள். திரும்பிய பிறகு சிக்னலைத் தானாக அணைக்கும் சிறு முனையும் பொருந்தவில்லை. லாரி வராதிருந்தால்கூட இன்னும் சில நாளில் ஸ்டியரிங் கையோடு வந்திருக்கும்.

ஸ்டியரிங்கில் உள்ள ஓட்டைகளும் ஒன்றுபோல் இரா. மோமோ வகையில் 6 ஓட்டைகள் 70 மில்லிமீட்டர் வட்டத்தில் அமைந்திருக்கும்; நார்டியில் 74 மில்லிமீட்டர். பொருந்தவில்லை என்று ஓட்டையைக் குடைந்து பெரிதாக்குவது மடத்தனம்.

மெக்கானிக் கழற்றிய முறையை நான் நின்று கவனித்தேன். சக்கரங்களை நேராக வைத்தார். தண்டிலும் இணைப்பிலும் சாயக்கோடு போட்டார். நட்டை முழுதும் கழற்றாமல் சில சுற்று மிச்சம் வைத்தார். திடீரென்று கழன்றால் முகத்தில் அடிக்காமலிருக்க அந்த ஏற்பாடாம். சுத்தியலைத் தொடவே இல்லை, இழுக்கும் கருவியை மட்டும் பயன்படுத்தினார். காரணம் கேட்டேன். பல கார்களில் ஸ்டியரிங் தண்டு மோதலின்போது மடங்கிக் கொடுக்கும்படி செய்யப்பட்டிருக்கிறது, நுனியில் தட்டினால் உள்ளே இருக்கும் மென்மையான பிடிப்புகள் உடைந்துபோகும் என்றார். இருபது ஆண்டு பாடம் நடத்திய எனக்கு அன்று ஒரு பாடம்.

சரியான இணைப்பு வாங்கிச் சின்ன ஸ்டியரிங்கையே மறுபடி மாட்டலாம் என்றான் பையன். தகப்பனாரும் மறுக்கவில்லை. "அவன் ஆசப்பட்டு வாங்கினது வாத்தியாரய்யா." அப்படியே மாட்டி, ஹார்னையும் சரிசெய்து, அவரை உட்கார வைத்து ஓட்டிப் பார்க்கச் சொன்னோம். வண்டியில் பவர் ஸ்டியரிங் இல்லை. பட்டறை வாசலில் காரைத் திருப்ப முயன்றவர், பாதியில் வலது தோளைப் பிடித்துக்கொண்டார்.

இது வகுப்பில் நான் சொல்லும் நெம்புகோல் கணக்குத்தான். 38 செண்டிமீட்டர் வட்டத்தை எடுத்துவிட்டு 32 செண்டிமீட்டர் வட்டத்தை வைத்தால், அதே அளவு சக்கரம் திரும்பக் கை ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு கூடுதலாக அழுத்த வேண்டும். ஓடும் வண்டியில் அது தெரியாது. நிற்கும் வண்டியைத் திருப்பும்போது தெரியும். அதுவும் நீண்ட கம்பில் அரிவாள் கட்டி ஆண்டுக்கணக்கில் தலைக்கு மேலே குலை அறுத்த தோளுக்கு நன்றாகவே தெரியும். அது மட்டுமன்று, வட்டத்தின் மேல்விளிம்பு வேகமானியையும் பாதி மறைத்தது.

பையன் தகப்பனாரின் தோளையே பார்த்துக்கொண்டு நின்றான். பிறகு மெக்கானிக்கிடம், "அண்ணே, கழட்டிடுங்க" என்றான்.

சட்டத்தையும் ஒரு வார்த்தை சொல்லிவிடுகிறேன். சாலைப் போக்குவரத்துச் சட்டம் 1987-இன்படி, வண்டியின் அமைப்பை மாற்ற நினைப்பவர் போக்குவரத்து இலாகாவில் முதலில் கேட்டுக்கொள்ள வேண்டும். சொல்லாமல் செய்த மாற்றத்தால் காப்புறுதிப் பணம் கேட்கும்போது சிக்கல் வரலாம்.

பழைய ஸ்டியரிங் எங்கே என்று பையன் விழித்தான். அவன் அதைக் குப்பையில் போட்டிருந்தான். தகப்பனார் ஒன்றும் பேசாமல் காரின் பின்புறத்தைத் திறந்து, பழைய சாக்கில் சுற்றி வைத்திருந்ததை எடுத்துக் கொடுத்தார். மாட்டி முடித்ததும் ஹார்னை நீளமாக அடித்துப் பார்த்தார். எதிர்க்கடையில் தேநீர் குடித்துக்கொண்டிருந்தவர்கள் எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள்.