புது காருக்கு ரீ-பெயிண்ட்... சொல்லாமல் விற்ற ஷோரூம்! வாங்கியவருக்கு என்ன உரிமை?

மாலை போட்டாச்சு, டயருக்கு அடியில் எலுமிச்சம்பழம் வைத்து நசுக்கியாச்சு, குடும்பத்தோட போட்டோவும் எடுத்தாச்சு. மூணு மாசம் கழித்து காரை வாட்டர் வாஷுக்கு விட்டால், அங்கே வேலை பார்க்கும் தம்பி கேட்கிறார்: "அண்ணே, இடது பக்க டோர்ல டிங்கரிங் பார்த்த மாதிரி இருக்கே, எங்கேயாவது இடிச்சுட்டீங்களா?"

நீங்கள் எங்கேயும் இடிக்கவில்லை. அப்படியென்றால், முழு விலை கொடுத்து வாங்கினது புது கார்தானா? "சின்ன டச்-அப் சார், பெருசா எடுத்துக்காதீங்க" என்று ஷோரூமில் சொன்னால் விட்டுவிடணுமா? சட்டம் என்ன சொல்கிறது, பார்க்கலாம்.

புது காரில் பெயிண்ட் டேமேஜ் எப்படி வருகிறது?

ஃபேக்டரியில் இருந்து கிளம்பும் கார், டிரெய்லரில் பல நூறு கிலோமீட்டர் பயணம் செய்து, டீலரின் ஸ்டாக் யார்டில் வெயிலிலும் மழையிலும் நின்று, பிறகுதான் ஷோரூமுக்கு வருகிறது. ஏற்றும்போதும் இறக்கும்போதும் உரசலாம். யார்டில் நகர்த்தும்போது இடிக்கலாம். மரத்தடியில் நின்றால் பறவை எச்சமே பெயிண்டை அரித்துவிடும்.

இப்படி டேமேஜ் ஆவது மட்டுமே குற்றம் இல்லை. அதைச் சரிசெய்துவிட்டு, வாங்குபவரிடம் சொல்லாமல் "புத்தம் புதுசு" என்று விற்பதுதான் பிரச்னை.

அமெரிக்காவையே அதிர வைத்த ஒரு கார் வழக்கு

இதே விவகாரம் அமெரிக்க உச்ச நீதிமன்றம் வரை போயிருக்கிறது. 1990-ல் அலபாமா மாநிலத்தில் ஒரு டாக்டர், சுமார் 40,750 டாலர் கொடுத்து புது பி.எம்.டபிள்யூ கார் வாங்கினார். ஒன்பது மாதம் கழித்து காரை இன்னும் பளபளப்பாக்கக் கொடுத்தபோது, ஏற்கெனவே ரீ-பெயிண்ட் செய்யப்பட்டது தெரியவந்தது. விற்பனைக்கு வரும் முன்பே, ஆசிட் மழையால் பெயிண்ட் பாதிக்கப்பட்டிருக்கலாம் என்று கூறப்பட்டது.

அந்த நிறுவனம் ஒரு கொள்கை வைத்திருந்தது. ரிப்பேர் செலவு காரின் விலையில் 3 சதவீதத்தைத் தாண்டாவிட்டால், டீலரிடம்கூடச் சொல்லாமல் புது காராகவே விற்கலாம். இந்தக் காருக்கு ஆன செலவு சுமார் 601 டாலர், அதாவது 1.5 சதவீதம்தான்.

ஆனால் ஜூரி கணக்குப் போட்டது வேறு மாதிரி. ரீ-பெயிண்ட் செய்த காரின் மதிப்பு 10 சதவீதம் குறைகிறது என்று சொல்லி 4,000 டாலர் இழப்பீடும், மறைத்ததற்குத் தண்டனையாக 40 லட்சம் டாலரும் விதித்தது. மாநில உச்ச நீதிமன்றம் அந்தத் தண்டனைத் தொகையை 20 லட்சமாகக் குறைத்தது. அதுவும் மிக அதிகம் என்று 1996-ல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் சொல்ல, கடைசியில் அது 50,000 டாலரில் வந்து நின்றது. 4,000 டாலர் இழப்பீட்டில் யாரும் கை வைக்கவில்லை.

நமக்கு இதில் ஒரு பாடம் இருக்கிறது. பெயிண்ட் அடிக்க ஆன செலவு வேறு, வாங்கியவருக்கு ஆன நஷ்டம் வேறு. "அஞ்சாயிரம் ரூபாய் வேலைதான் சார்" என்பது ஷோரூமின் கணக்கு. நாளைக்கு காரை விற்கப் போனால் "ஆக்சிடென்ட் வண்டியா?" என்று கேட்டு விலையைக் குறைப்பார்களே, அதுதான் உங்கள் கணக்கு.

இந்தியச் சட்டம் என்ன சொல்கிறது?

இங்கே நமக்குக் கை கொடுப்பது நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், 2019. 3 சதவீதம் வரை மறைக்கலாம் என்கிற மாதிரி எந்தச் சலுகையும் அதில் இல்லை.

* பொருளின் தரம் பற்றித் தெரிந்துகொள்வது வாங்குபவரின் உரிமை.
* பழைய அல்லது புதுப்பிக்கப்பட்ட பொருளைப் புதியது என்று பொய்யாகச் சொல்லி விற்பது 'நியாயமற்ற வணிக நடைமுறை'.
* தெரிவிக்க வேண்டிய தகவலை வேண்டுமென்றே மறைப்பது 'சேவைக் குறைபாடு' என்பதற்குள் வருகிறது.

இது நிரூபணமானால் குறையைச் சரிசெய்து தரவும், பொருளை மாற்றித் தரவும், பணத்தைத் திருப்பித் தரவும், இழப்பீடு வழங்கவும் நுகர்வோர் ஆணையம் உத்தரவிடலாம். தண்டனை இழப்பீடு விதிக்கவும் அதிகாரம் உண்டு.

அப்போ புது காரே மாற்றிக் கொடுத்துடுவாங்களா?

எல்லா வழக்கிலும் கிடைக்காது. ஒரு பாகத்தை மாற்றினாலே குறை தீரும் என்றால், முழு காரையும் மாற்றித் தரச் சொல்ல முடியாது என்று 2006-ல் மாருதி உத்யோக் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது. எனவே ஒரு கதவு மட்டும் ரீ-பெயிண்ட் என்றால் இழப்பீடு கேட்பதுதான் நடைமுறைக்கு ஒத்துவரும். பெரிய விபத்தில் அடிபட்ட காரைப் புதிது என்று தள்ளிவிட்டிருந்தால், மாற்று கார் அல்லது முழுப் பணம் கேட்க வலுவான காரணம் இருக்கிறது.

யார் மேல கேஸ் போடணும்? கம்பெனியா, டீலரா?

2011 மாடலுக்குப் பணம் கட்டியவருக்கு 2009-ல் தயாரான காரை டீலர் கொடுத்துவிட்டார் என்று கோவாவில் ஒரு வழக்கு வந்தது. டீலர் செய்தது தயாரிப்பு நிறுவனத்துக்குத் தெரியும் என்பதற்கு ஆதாரம் இல்லாததால், டாடா மோட்டார்ஸைப் பொறுப்பாக்க முடியாது என 2021-ல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. டீலரின் பொறுப்பு அப்படியே நின்றது.

டேமேஜ் ஃபேக்டரியில் நடந்ததா, வழியில் நடந்ததா, யார்டில் நடந்ததா என்பது வாங்கியவருக்குத் தெரிய வாய்ப்பில்லை. அதனால் டீலர், தயாரிப்பு நிறுவனம் இருவரையும் எதிர்த்தரப்பாகச் சேர்ப்பது பாதுகாப்பானது.

டெலிவரிக்கு முன்னாடி என்ன பார்க்கணும்?

காரை ரிஜிஸ்ட்ரேஷனுக்கு முன்பே பார்த்துவிடுங்கள். உங்கள் பெயரில் ஆர்.சி. வந்த பிறகு "வேற வண்டி கொடுங்க" என்று கேட்பது ரொம்பக் கஷ்டம்.

* பகல் வெளிச்சத்தில் பாருங்கள். ஷோரூம் லைட்டில் கலர் வித்தியாசம் தெரியாது.
* கதவு, பானெட், டிக்கி ஆகியவற்றின் போல்ட்டுகளில் ஸ்பேனர் தழும்பு இருக்கிறதா, ரப்பர் பீடிங்கில் பெயிண்ட் சிதறல் இருக்கிறதா என்று பாருங்கள்.
* பெயிண்ட் கனத்தை அளக்கும் மீட்டர் கிடைத்தால் நல்லது. ஃபேக்டரி பெயிண்ட் பெரும்பாலும் 80 முதல் 150 மைக்ரானுக்குள் இருக்கும். ஒரு பேனல் மட்டும் 300-ஐத் தாண்டினால் பட்டி பார்த்து பெயிண்ட் அடித்திருக்க வாய்ப்பு அதிகம். பிளாஸ்டிக் பம்பரில் சாதாரண மீட்டர் வேலை செய்யாது.
* சேசிஸ் நம்பரையும் தயாரிப்பு மாதத்தையும் இன்வாய்ஸோடு ஒப்பிடுங்கள்.

குறை தெரிந்தால் அந்த காரை எடுக்க மறுக்கலாம். எடுப்பதாக இருந்தால், டெலிவரி பேப்பரில் குறையை எழுதிவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள். "நல்ல நிலையில் பெற்றுக்கொண்டேன்" என்ற கையெழுத்தைத்தான் நாளை எதிர்த்தரப்பு முதலில் நீட்டும். மறைத்த குறைக்கு அது முழுத் தடையாகிவிடாது. ஆனால் கண்ணுக்குத் தெரிந்த கீறலுக்கு உங்கள் வாதம் பலவீனமாகிவிடும்.

வாங்கிய பிறகு தெரிந்தால்?

1. உடனே ரிப்பேருக்கு விடாதீர்கள். பாலிஷ் போட்டாலே ஆதாரம் போய்விடும். தேதியோடு போட்டோ, வீடியோ எடுத்து வையுங்கள்.
2. டீலருக்கும் நிறுவனத்துக்கும் மெயில் அனுப்புங்கள். போனில் பேசியது ஆதாரமாக நிற்காது. டெலிவரிக்கு முன் செய்த இன்ஸ்பெக்‌ஷன் அறிக்கையையும், அந்தச் சேசிஸ் நம்பருக்கு நடந்த வேலைகளின் பதிவையும் கேளுங்கள்.
3. வேறொரு ஒர்க்‌ஷாப்பில் எழுத்து மூலம் அறிக்கை வாங்குங்கள். தேவைப்பட்டால் ஆணையமே நிபுணர் ஆய்வுக்கு உத்தரவிடும்.
4. "உங்க இன்சூரன்ஸ்லயே கிளெய்ம் போட்டுடலாம் சார்" என்றால் சம்மதிக்காதீர்கள். டெலிவரிக்கு முன் நடந்த டேமேஜை உங்கள் பாலிசியில் ஏற்றினால் நோ-கிளெய்ம் போனஸ் போகும். கார் உங்கள் கையில்தான் அடிபட்டது என்று நீங்களே ஒப்புக்கொண்ட மாதிரியும் ஆகிவிடும்.
5. 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகார் பதியுங்கள். பல புகார்கள் இந்தக் கட்டத்திலேயே பேசி முடிகின்றன.

வழக்குப் போட எவ்வளவு செலவாகும்?

50 லட்சம் ரூபாய் வரையிலான காருக்கு மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையமே போதும். கட்டணம், கார் விலை 5 லட்சம் வரை இருந்தால் கிடையாது. 10 லட்சம் வரை 200 ரூபாய், 20 லட்சம் வரை 400 ரூபாய், 50 லட்சம் வரை 1,000 ரூபாய்.

ஷோரூம் எந்த ஊரில் இருந்தாலும், நீங்கள் வசிக்கும் அல்லது வேலை பார்க்கும் மாவட்டத்திலேயே வழக்குப் போடலாம். ஆன்லைனிலும் தாக்கல் செய்யலாம். வக்கீல் கட்டாயம் இல்லை. இரண்டு வருடத்துக்குள் புகார் கொடுக்க வேண்டும் என்பதை மட்டும் மறந்துவிடாதீர்கள். ஆய்வு தேவைப்படும் வழக்கை 5 மாதத்தில் முடிக்கப் பார்க்க வேண்டும் என்கிறது சட்டம். நடைமுறையில் அதைவிட இழுக்கலாம், அதனால் பேப்பர்களைப் பத்திரமாக வையுங்கள்.

ஒரு கார் என்பது பல வீடுகளில் ஐந்து, ஏழு வருட இ.எம்.ஐ. டேமேஜ் ஆன காரை, அதைச் சொல்லி, விலை குறைத்துக் கொடுத்தால் வாங்குவதா வேண்டாமா என்று முடிவு செய்யும் உரிமை உங்களுடையது. அதைச் சொல்லாமல் விட்டவர்கள் பறித்தது அந்த உரிமையைத்தான். அடுத்த முறை டெலிவரி எடுக்கப் போகும்போது, போட்டோவுக்கு நிற்பதற்கு முன்னால் அரை மணி நேரம் காரைச் சுற்றி வந்து பாருங்கள்!