ஈரம் மண்ணில் நிற்கட்டும், பாம்பின் மேல் வேண்டாம்

பால் பைத்தான் (ball python) என்ற அயல்நாட்டு மலைப்பாம்பை வாங்குகிறவர்கள் கண்ணாடித் தொட்டியோடு சேர்த்து வாங்கும் பொருள் ஸ்ப்ரே பாட்டில். காலையில் நான்கு பீய்ச்சல், மாலையில் நான்கு பீய்ச்சல். சுவரில் ஒட்டிய ஈரப்பதமானி 60 சதவீதத்தைத் தாண்டியதும் அன்றைய கடமை முடிந்துவிட்டதாக நிம்மதி. பெருநகரங்களில் தொடங்கிய இந்தப் பொழுதுபோக்கு மெல்லச் சிற்றூர்களையும் எட்டுகிறது. நாளை தேனி மாவட்டத்து வீரபாண்டியில் ஒரு வீட்டில் இப்படியொரு தொட்டி வந்தால், அங்கேயும் பாட்டில் முதலில் வந்துவிடும். அந்தப் பாட்டிலைத்தான் இந்தக் கட்டுரை எதிர்க்கிறது. பாம்புக்கு ஈரம் வேண்டும் என்பதில் சந்தேகமில்லை. அந்த ஈரம் தரைக்குள்ளும் பதுங்கிடத்துக்குள்ளும் இருக்க வேண்டும். பாம்பின் உடம்பிலும் கண்ணாடிச் சுவரிலும் வழியக் கூடாது. வறட்சி செய்யும் கெடுதல் கண்ணில் படும், திருத்திக்கொள்ளலாம். ஈரம் செய்யும் கெடுதல் நுரையீரலுக்குள் நடக்கும்; வெளியே தெரியும்போது பெரும்பாலும் காலம் கடந்திருக்கும்.

முதலில் ஈரம் எதற்கு என்று பார்ப்போம். சட்டை உரிக்கும் காலம் நெருங்கும்போது பழைய தோலுக்கும் புதிய தோலுக்கும் இடையே ஒரு திரவம் ஊறுகிறது. பாம்பின் நிறம் மங்குகிறது. கண்கள் நீலம் கலந்த பால் நிறமாகின்றன. சில நாளில் கண் தெளிகிறது, பிறகு மூக்கு நுனியை எதன்மீதாவது தேய்த்து, உதட்டோரத்தில் தொடங்கிச் சட்டையை உள்புறம் வெளியே வரும்படி ஒரே துண்டாகக் கழற்றிவிடுகிறது. பாம்புக்கு இமை கிடையாது. கண்ணை மூடியிருக்கும் ஒளிபுகும் செதிலும் அந்தச் சட்டையோடுதான் வர வேண்டும். காற்று மிகவும் வறண்டிருந்தாலோ உடம்பில் நீர் குறைந்தாலோ சட்டை துண்டு துண்டாகக் கிழிகிறது. கண் செதில் ஒட்டிக்கொள்கிறது. வால் நுனியில் பழைய தோல் வளையமாக இறுகி, ரத்த ஓட்டம் தடைப்பட்டு, நுனி கருகி உதிர்ந்த பாம்புகளும் உண்டு. உரித்த சட்டையை எடுத்து விரித்து, இரண்டு கண் மூடிகளும் வால் நுனியும் இருக்கின்றனவா என்று பார்ப்பதுதான் வளர்ப்பவர் செய்யக்கூடிய மிக நல்ல ஈரப்பதச் சோதனை.

இந்தப் பயம்தான் பாட்டிலைக் கையில் எடுக்க வைக்கிறது. பால் பைத்தானுக்கு 60 முதல் 80 சதவீதம், கார்ன் ஸ்நேக்குக்கு 40 முதல் 60 சதவீதம் என்று வழிகாட்டிகள் எண்களைத் தருகின்றன. எண்கள் தவறில்லை, அவற்றைப் படிக்கும் முறையில்தான் பிழை. மானி காட்டுவது காற்றில் உள்ள நீரின் அளவை அல்ல, அந்த வெப்பநிலையில் காற்று தாங்கக்கூடிய நீரில் எத்தனை பங்கு இருக்கிறது என்பதை. 24 டிகிரியில் ஒரு கன மீட்டர் காற்று ஏறத்தாழ 22 கிராம் நீராவியைத் தாங்கும். 33 டிகிரியில் ஏறத்தாழ 36 கிராம் தாங்கும். விடியற்காலையில் 24 டிகிரியில் 85 சதவீதம் காட்டிய அதே காற்று, தொட்டியின் வெப்ப விளக்கு எரிந்து 33 டிகிரியானதும், ஒரு சொட்டு நீரும் குறையாமலேயே 52 சதவீதம் காட்டும். ஒரே தொட்டியில் விளக்கடி மூலையில் ஓர் எண்ணும் குளிர்ந்த மூலையில் வேறோர் எண்ணும் இருப்பது இதனால்தான். சூடான மூலையில் மானியை ஒட்டிவிட்டு, அங்கே 70 வரும்வரை பீய்ச்சினால், குளிர்ந்த மூலையில் கண்ணாடி வியர்த்து ஒழுகும். பாம்பு பகலெல்லாம் சுருண்டு கிடப்பது பெரும்பாலும் அந்த மூலையில்தான்.

வீரபாண்டி இருக்கும் கம்பம் பள்ளத்தாக்கில் இந்தக் கணக்கு இன்னும் சிக்கலாகிறது. மேற்கே மலை மறித்து நிற்பதால் தென்மேற்குப் பருவமழை கேரளத்துப் பக்கம் கொட்டிவிட்டு, இந்தப் பக்கம் பலத்த காற்றையும் இடையிடையே சாரலையும்தான் அனுப்புகிறது. ஆடிக்காற்று வீசும் நாளில் ஜன்னல் திறந்த வீட்டில் தொட்டியின் ஈரம் சில மணி நேரத்தில் பறந்துவிடும். ஐப்பசி, கார்த்திகையில் அடைமழை பிடித்தால் துணியே காயாது. அப்போது தொட்டிக்குள் நீர் தெளிப்பது வேண்டாத வேலை. வீரபாண்டி கௌமாரியம்மன் கோயில் சித்திரைத் திருவிழா நடக்கும் வெயிலில் வெப்ப விளக்குக்கே வேலை இல்லை. அதை எரியவிட்டுக் காற்றை வறட்டி, பிறகு அந்த வறட்சியைத் தண்ணீரால் ஈடுகட்டுவது இரட்டைத் தவறு. இரவில் ஏ.சி. ஓடும் அறை என்றால் அது வேறு கதை. அந்தக் காற்று ஊருக்கே சம்பந்தமில்லாத அளவு வறண்டது. குளிர் நாட்டு வீடுகளில் குளிர்காலம் முழுக்க ஹீட்டர் ஓடும் அறைகளுக்காகச் சொன்ன அட்டவணையை முல்லைப் பெரியாற்றங்கரையில் அப்படியே பின்பற்ற முடியாது.

இனி அதிகம் கவலைப்பட வேண்டிய இடம். பெரும்பாலான பாம்புகளுக்கு வலது நுரையீரல் ஒன்றுதான் வேலை செய்கிறது. மலைப்பாம்பு வகைகளுக்கு இடதும் உண்டு, ஆனால் சிறியது. நம்மைப் போல உதரவிதானம் கிடையாது. சளி சேர்ந்தால் இருமி வெளியே தள்ளப் பாம்பால் முடியாது. எப்போதும் நனைந்த, காற்றோட்டமில்லாத தொட்டியில் பூஞ்சையும் பாக்டீரியாவும் பெருகுகின்றன. அதே காற்றைப் பாம்பு நாள் முழுக்க இழுக்கிறது. தொட்டி ஈரத்தோடு குளிர்ந்தும் இருந்தால் அதன் எதிர்ப்பாற்றலும் இறங்குகிறது. முதலில் மூச்சில் மெல்லிய சீறல் போன்ற ஒரு சத்தம், பிறகு வாயோரத்தில் நுரைக் குமிழ், பிறகு தலையை மேலே தூக்கி வாயைத் திறந்தபடி மூச்சு. வயிற்றுச் செதில்களிலும் இதே கதைதான்: ஈரத் தரையில் ஓயாமல் கிடந்தால் செதில் சிவந்து, நீர்க்கொப்புளம் கட்டி, புண்ணாகி, தொற்று ரத்தத்தில் கலக்கும். மூச்சுக் கோளாறுக்கு வைரஸும் காரணமாகலாம் என்பது உண்மைதான். அதனால் நனைந்த தொட்டி நிரபராதி ஆகிவிடாது. சட்டை சரியாக உரியாத பாம்பை ஈரப் பதுங்கிடத்தில் வைத்து இரண்டு நாளில் மீட்கலாம். நிமோனியா பிடித்த பாம்பை மீட்க வாரக்கணக்கில் ஊசி போட வேண்டும். பாம்பைப் பார்க்கத் தெரிந்த கால்நடை மருத்துவர் பல மாவட்டங்களில் எளிதில் கிடைப்பதில்லை.

இதற்கு நேர்மாறான ஒரு ஏற்பாடு தமிழ்நாட்டிலேயே பல பத்தாண்டுகளாக இருக்கிறது. மாமல்லபுரம் அருகே வடநெம்மேலியில் இயங்கும், 1978-ல் தொடங்கிய இருளர் பாம்பு பிடிப்போர் தொழிற் கூட்டுறவுச் சங்கத்தில், விஷமுறிவு மருந்துக்காக விஷம் எடுக்கப்படும் நாகம், கட்டுவிரியன், கண்ணாடிவிரியன், சுருட்டைவிரியன் ஆகியவை மண்பானையில்தான் வைக்கப்படுகின்றன. பானையில் பாதியளவு மணல், வாயில் பருத்தித் துணி, அதைச் சுற்றிக் கயிறு. விளக்கு இல்லை, மானி இல்லை, பாட்டில் இல்லை. சில வாரங்களில் சில முறை விஷம் எடுத்த பிறகு காட்டில் விட்டுவிடுகிறார்கள். அதே பாம்பை உடனே மறுபடி பிடித்துவிடாமலிருக்க வயிற்றுச் செதிலில் ஒரு சிறு வெட்டு அடையாளம் வைக்கிறார்கள். அது சில முறை சட்டை உரித்ததும் மறைந்துவிடும். பானையின் சுவர் நுண்துளைகள் கொண்டது. உள்ளே ஈரம் மிகுந்தால் உறிஞ்சி வெளியே விடும். அப்படி விடும்போது பானை குளிரும். துணி வழியாகக் காற்று போய்வரும். மணல் உடம்பில் ஒட்டும் நீரை வாங்கிக்கொள்ளும். இருட்டு, ஒடுக்கம், மிதமான ஈரம், ஓடும் காற்று ஆகிய நான்கும் சேர்ந்ததுதான் பாம்பு தானாகத் தேடிப் போகும் பொந்து. மேற்கு ஆப்பிரிக்காவின் புல்வெளிகளில் பால் பைத்தான் பகலைக் கழிப்பதும் எலி வளையிலும் கறையான் புற்றிலும்தான். மேலே தரை காய்ந்து கிடக்கும்போதும் வளைக்குள் ஈரம் நிற்கும். அந்த இனம் பழகியது மண் காத்துவைத்த ஈரத்துக்கு. எந்நேரமும் தலையில் விழும் தூறலுக்கு அல்ல.

பானையில் சில வாரங்களே இருக்கும் நம் ஊர்ப் பாம்பையும் தொட்டியில் இருபது, முப்பது ஆண்டு வாழக்கூடிய அயல்நாட்டுப் பாம்பையும் ஒப்பிடலாமா என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. பானையையே வீட்டில் வைக்கச் சொல்லவில்லை. நடமாட இடமும் சூடான மூலையும் குளிர்ந்த மூலையும் இல்லாத பானை நீண்ட வாழ்வுக்குப் போதாது. அது வேலை செய்யும் விதத்தைத்தான் எடுத்துக்கொள்ளச் சொல்கிறேன். மழைக்காட்டு மரங்களில் வாழும் பச்சை மலைப்பாம்பு போன்றவற்றுக்குத் தெளிப்பு தேவைதானே என்பவர்கள் சொல்வதும் சரி; அங்கேயும் ஒரு தெளிப்புக்கும் மறு தெளிப்புக்கும் நடுவே கிளையும் இலையும் காய வேண்டும். தானியங்கிப் பனிமூட்டக் கருவி இருந்தால் கவலையில்லை என்பது மூன்றாவது வாதம். அந்தக் கருவி உணர்கருவி இருக்கும் ஒரே புள்ளியின் எண்ணை நம்பி இயங்குகிறது. அந்தப் புள்ளி தவறான மூலையில் இருந்தால், மனிதர் நாளுக்கு இரண்டு முறை செய்யும் தவறைக் கருவி ஓய்வில்லாமல் செய்யும்.

கம்பம் பகுதியில் பன்னீர் திராட்சை போடுகிறவர்களுக்கு இதை விளக்கத் தேவையே இல்லை. வேரடியில் ஈரம் நிற்க வேண்டும், இலை நனைந்தே கிடக்கக் கூடாது, பந்தலுக்குள் காற்று புக வேண்டும். இலை காயாத நாட்களில் அடிச்சாம்பல் நோய் தோட்டத்தையே வாரிக்கொண்டு போகும். தொட்டிக்கும் அதே ஒழுங்கு போதும். இந்தப் பள்ளத்தாக்கில் தென்னைக்குப் பஞ்சமில்லை. நார்க்கழிவு தன் எடையைப்போல எட்டு மடங்கு வரை நீரைப் பிடித்து வைத்துக்கொள்ளும். உப்புப் போகக் கழுவிய நார்க்கழிவை நான்கு விரற்கடை உயரத்துக்குப் பரப்பி, ஓரமாகத் தண்ணீர் ஊற்றி அடிப்பகுதியை மட்டும் நனைக்க வேண்டும். மேற்பரப்பு தொட்டால் காய்ந்திருக்க வேண்டும். அடியிலிருந்து ஒரு கைப்பிடி எடுத்துப் பிழிந்தால் உருண்டை நிற்க வேண்டும், சொட்டு விழக் கூடாது. மூடியுள்ள பிளாஸ்டிக் டப்பாவில் பாம்பு நுழையும் அளவு துளை போட்டு, உள்ளே ஈர நார்க்கழிவு வைத்தால் அதுதான் ஈரப் பதுங்கிடம். கண் பால் நிறமாகும்போது பாம்பு தானே அங்கே போய்ப் படுக்கும், தேவை தீர்ந்ததும் தானே வெளியே வரும். எவ்வளவு ஈரம் என்ற முடிவை அதனிடமே விடுவதைவிடச் சிறந்த மானி இல்லை. அகலமான தண்ணீர்க் கிண்ணம், ஆடிக்காற்று நாட்களில் வலைமூடியில் பாதியை மறைப்பது, மழைக்காலத்தில் முழுவதும் திறந்துவிடுவது ஆகியவை மீதியைப் பார்த்துக்கொள்ளும்.

மானி வைத்திருப்பவர்கள் அதையும் ஒரு முறை சோதிக்க வேண்டும். ஒரு பாட்டில் மூடியில் சாப்பாட்டு உப்பைப் போட்டு, கரையாமல் ஈரக் கூழாக நிற்கும் அளவுக்குச் சில துளி நீர் விட்டு, மானியோடு சேர்த்துக் காற்றுப் புகாத டப்பாவில் ஓர் இரவு முழுக்க மூடி வையுங்கள். உள்ளே ஈரப்பதம் 75 சதவீதத்தில் வந்து நிற்கும். இது இயற்பியல் விதி. மானி 63 காட்டினால், இத்தனை நாளும் 12 புள்ளி அதிகமாக நனைத்திருக்கிறீர்கள் என்று பொருள். சோதித்த மானியையும் குளிர்ந்த மூலையில், தரைக்கு அருகே, பாம்பு படுக்கும் உயரத்தில் வைத்தால்தான் பயன்.

பாம்பை வீட்டில் வைப்பதே தவறு என்று கருதுகிறவர்கள் உண்டு. அந்த விவாதம் தனியாக நடக்கட்டும். 1972-ஆம் ஆண்டு வன உயிரினப் பாதுகாப்புச் சட்டப்படி நாகம், சாரை, நம் மலைப்பாம்பு ஆகியவற்றை வீட்டில் வளர்ப்பது குற்றம். பால் பைத்தான் போன்ற, அருகிவரும் உயிரினங்கள் குறித்த பன்னாட்டு வணிக ஒப்பந்தத்தின் (CITES) பட்டியலில் உள்ள அயல் இனங்களை வைத்திருப்போர் அவற்றைப் பதிவு செய்ய வேண்டும் என்று 2024-ஆம் ஆண்டு விதிகள் சொல்கின்றன. பதிவுச் சான்று கையில் இருப்பதால் மட்டும் பாம்பு நலமாக இருந்துவிடாது. வாங்கும் முன் இரண்டு வேலை செய்யுங்கள்: பாம்பைப் பார்க்கத் தெரிந்த மருத்துவர் எந்த ஊரில் இருக்கிறார் என்று விசாரித்துக்கொள்ளுங்கள், வெறும் தொட்டியை இரண்டு வாரம் நடத்தி அதன் ஈரத்தைப் படியுங்கள். ஏற்கெனவே வளர்ப்பவர்கள் இன்று இரவே கண்ணாடிச் சுவரைத் தடவிப் பாருங்கள். கை நனைந்தால் மூடியைத் திறந்து காற்றை உள்ளே விடுங்கள், நனைந்த தரையை மாற்றுங்கள், பாட்டிலை எடுத்து வையுங்கள். மூச்சில் சத்தம் கேட்டால் மறுநாள் வரை பொறுக்க வேண்டாம். பாம்பை எடுத்துக்கொண்டு புறப்படுங்கள்.