கடல் தெரியும் ஜன்னல்

மும்பையில் வீட்டுக்கு ஒரு விலை; கடல் தெரியும் வீட்டுக்குத் தனி விலை. மலபார் ஹில்லுக்கோ மூன்று பக்கமும் கடல்! முனையில் கவர்னர் மாளிகை. அதையடுத்து மந்திரிகளின் பங்களாக்கள், கோடீசுவரர்களின் அடுக்கு மாளிகைகள்.

1930-களில் இத்தாலியப் பளிங்கு பதித்து இங்கே பங்களா கட்டினார், ஜின்னா. 1947-ல் அதை விட்டுவிட்டுக் கராச்சி போனவர், திரும்பி வந்து குடியேறவே இல்லை.

அதே குன்றின் மேல்தான் கமலா நேரு பூங்கா. தாராவித் தமிழர் ஞாயிறு மாலை மாகிமில் ரயில் ஏறி, கிராண்ட் ரோட்டில் இறங்கி, பஸ் பிடித்தால் போதும். பத்துக்குப் பத்து அறையில் ஆறு நாளும் புழுங்கிய உடம்பில் கடல் காற்று படும். குழந்தைகள் பூட்ஸ் வீட்டில் ஏறி விளையாடும். இருட்டியதும் கீழே மெரின் டிரைவ் விளக்குகள், முத்துமாலை போல.

கோடீசுவரர் ஜன்னலில் பார்ப்பதும் இதைத்தான். ஒரே வித்தியாசம்: இவர் எழுந்து போய் ரயிலைப் பிடிக்க வேண்டும். விடிந்தால் திங்கட்கிழமை!